ஸ்டீல் ஃபிரேம் நிலைக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

டிசைன் ரிசல்ட்டில் ஓர் உறுப்பு சிவப்பாக வந்தால், கை தானாகவே அடுத்த பெரிய செக்‌ஷனைத் தேடிப் போகும். வலிமை போதாமல் ஃபெயில் ஆகியிருந்தால் அது சரி. நிலைத்தன்மை போதாமல் ஃபெயில் ஆகியிருந்தால், இரும்பைக் கூட்டிவிட்டுக் கோளாறை அப்படியே உள்ளே வைத்து மூடுகிறோம் என்று அர்த்தம். பெரிய செக்‌ஷன் போடுவதற்கு முன் இரண்டு கேள்விகள் போதும். இந்த உறுப்பைப் பக்கவாட்டில் பிடித்திருப்பது எது? அந்தப் பிடி எங்கே போய் முடிகிறது? கீழே உள்ள அறிகுறிகளில் கம்ப்யூட்டர் திரையில் தெரிபவையும் உண்டு, சைட்டில் கண்ணால் பார்ப்பவையும் உண்டு. விதி எண்கள் பெரும்பாலும் ஐஎஸ் 800:2007 என்ற இந்திய எஃகு வடிவமைப்பு விதித்தொகுப்பை ஒட்டியவை.

அறிகுறி: "இன்ஸ்டெபிலிட்டி அட் ஜாயின்ட்" என்ற எச்சரிக்கை

ஸ்டாட் ப்ரோ என்ற கட்டமைப்புக் கணக்கு மென்பொருளில் இந்த எச்சரிக்கை வந்தாலும் ரன் நிற்காது. விறைப்பே இல்லாத அந்த முனையில் மென்பொருள் தானாகவே வலுவில்லாத ஒரு ஸ்பிரிங்கைச் செருகிக்கொண்டு கணக்கை முடித்துக் கொடுத்துவிடும். அவுட்புட் கோப்பில் "வீக் ஸ்பிரிங்" என்று ஒரு வரி மட்டும் எழுதி வைத்திருக்கும். நேராக ரிசல்ட் பக்கத்துக்குத் தாவுகிறவர் கண்ணில் அது படாது.

முதலில் எந்தத் திசையில் என்று பாருங்கள். எம்எக்ஸ், எம்ஒய், எம்இசட் என்று இருந்தால் அது சுழற்சி. டிரஸ் (முக்கோணச் சட்டம்) ஜாயின்ட் ஒன்றில் வந்து சேரும் எல்லா உறுப்புகளும் டிரஸ் உறுப்புகளாக (இழுவை, அழுத்தம் மட்டும் தாங்குபவை) இருந்தால் அந்த முனை சும்மா சுழலும், யாருக்கும் நஷ்டமில்லை. எஃப்எக்ஸ், எஃப்ஒய், எஃப்இசட் என்று இருந்தால் கதை வேறு. முனை இடம் பெயர்கிறது, அதாவது நீங்கள் வரைந்திருப்பது கட்டடம் இல்லை, ஒரு கீல் பொறி. இதை விட்டுவிட்டு மேலே போகாதீர்கள்.

காரணம் எது என்று பிரித்துப் பார்க்கச் சுலபமான வழி உண்டு. காற்று, நிலநடுக்கம் எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். கூரை மட்டத்தில் 10 கிலோநியூட்டன் கிடைமட்ட விசையை முதலில் நீளவாக்கிலும், அப்புறம் குறுக்குவாக்கிலும் தனித்தனியாகக் கொடுத்து, வடிவம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். ஒரு திசையில் நகர்வு சில மில்லிமீட்டரும் மறு திசையில் பல மீட்டரும் வந்தால் பிரேசிங் (பக்கவாட்டில் பிடிக்கும் குறுக்குக் கம்பிகள்) இல்லாத திசை எது என்று தெரிந்துவிட்டது. ஒரே ஓர் உறுப்பு மட்டும் தனியாகப் பறந்து போனால் அது முனைகளில் இணையவில்லை. ஒன்றின்மேல் ஒன்று இருப்பதுபோல் தெரியும் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். கம்ப்யூட்டரில் வரைந்த கேட் (CAD) படத்திலிருந்து இறக்குமதி செய்த மாடல்களில் இது சகஜம். உறுப்பு தன் அச்சைச் சுற்றி உருண்டால், இரண்டு முனையிலும் எம்எக்ஸ் ரிலீஸ் (முறுக்கத்தை விடுவிப்பது) கொடுத்திருப்பீர்கள். முறுக்கத்தை ஒரு முனையாவது பிடித்திருக்க வேண்டும்.

டிரஸ்ஸின் கீழ்க் கோர்டு (அடியில் நீளவாக்கில் ஓடும் உறுப்பு) விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். அங்கே எச்சரிக்கை வந்தால், அதை அடக்குவதற்காக ஒவ்வொரு முனையிலும் ஒரு செயற்கை சப்போர்ட் வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேறு சிலர் கோர்டை டிரஸ் உறுப்பிலிருந்து தொடர்ச்சியான பீமாக மாற்றுவார்கள். அது நிஜத்துக்கு நெருக்கமான மாடல்தான், எச்சரிக்கையும் மறைந்துவிடும். ஆனால் 20 மீட்டர் நீளக் கோர்டு பக்கவாட்டில் எதையும் பிடிக்காமல் தொங்குகிறது என்ற உண்மை மாறவில்லை. வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்: கீழ்க் கோர்டை இழுத்துக் கட்டும் ரன்னர் இருக்கிறதா? இருந்தால் மாடலில் சேருங்கள். இல்லையென்றால் மென்பொருள் சுட்டிக் காட்டியது மாடலின் பிழை இல்லை, கட்டடத்தின் பிழை.

அறிகுறி: எந்தக் கோளாறும் இல்லை, நகர்வு பூஜ்யம்

சமச்சீரான ஃபிரேம், சமச்சீரான செங்குத்துச் சுமை. பக்கவாட்டு நகர்வு 0.000 என்று வருகிறது. சந்தோஷப்பட ஒன்றுமில்லை. நிஜத்தில் எந்தத் தூணும் நூல் பிடித்தாற்போல் நிற்காது. அந்தச் சாய்வுக்காகத்தான் ஒவ்வொரு மட்டத்திலும், அங்கே இறங்கும் ஃபேக்டர் (பாதுகாப்புக் காரணி) போட்ட நிலைச்சுமை, பயன்சுமை இரண்டின் கூட்டுத்தொகையில் 0.5 சதவீதத்தைக் கிடைமட்டமாகக் கொடுக்கச் சொல்கிறது ஐஎஸ் 800. நோஷனல் லோடு என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். காற்றோடும் நிலநடுக்கத்தோடும் இதைச் சேர்க்கக் கூடாது. செங்குத்துச் சுமை மட்டும் உள்ள காம்பினேஷனுக்கே இது.

இதே விசையை வைத்து ஃபிரேம் ஆடும் வகையா, ஆடாத வகையா என்றும் சொல்லிவிடலாம். சுவர் அல்லது ஷீட் மூடிய ஃபிரேமில், அந்த மூடலின் விறைப்பைக் கணக்கில் எடுக்காமல், ஒவ்வொரு மாடியிலும் வரும் நகர்வு மாடி உயரத்தில் 2000-இல் ஒரு பங்குக்குள் இருந்தால் ஆடாத வகை. இந்த 2000 எங்கிருந்து வந்தது என்று யாரும் வகுப்பில் சொல்லித் தருவதில்லை. கிடைமட்ட விசையைச் செங்குத்துச் சுமையால் வகுத்தால் 0.005. அதை உயரத்துக்கும் நகர்வுக்கும் உள்ள விகிதமான 2000-ஆல் பெருக்கினால் 10. அதாவது, இப்போதுள்ள சுமை சுமார் 10 மடங்கு ஆனால்தான் அந்த மாடி பக்கவாட்டில் நிலைகுலையும். ஐரோப்பிய எஃகு விதித்தொகுப்பான யூரோகோடு 3 எலாஸ்டிக் பகுப்பாய்வுக்குக் கேட்கும் எல்லையும் அதே 10. அந்த அளவில் இரண்டாம் நிலை விளைவு (சாய்ந்த ஃபிரேமில் செங்குத்துச் சுமையே தரும் கூடுதல் தள்ளல்) நகர்வையும் மொமென்ட்டையும் 11 சதவீதம்போல் கூட்டும். 5 என்று வந்தால் 25 சதவீதம், 3 என்று வந்தால் 50 சதவீதம். 3-க்குக் கீழே போன ஃபிரேமில் செக்‌ஷனை மாற்றிக் கொண்டிருப்பது வீண். பிரேசிங் போடுங்கள், அல்லது அமைப்பையே மாற்றுங்கள்.

அறிகுறி: பி-டெல்டா போட்டும் எண்கள் மாறவில்லை

லோடு காம்பினேஷன் கட்டளையால் சேர்த்திருப்பீர்கள். அது தனித்தனி ரிசல்ட்டுகளைக் கடைசியில் கூட்டுகிறதே தவிர, சுமைகளை ஒன்றாக ஏற்றிக் கணக்கிடுவதில்லை. காற்று தள்ளிய தூரத்தில் கூரைச் சுமை நிற்பதால் வருவதுதான் பி-டெல்டா. இரண்டும் ஒரே ரன்னில் இருந்தாக வேண்டும். சுமைகளை ஒன்றாக ஏற்றும் ரிப்பீட் லோடு கட்டளைக்கு மாறுங்கள். இழுவையை மட்டும் தாங்கும் பிரேஸ் போட்ட மாடலுக்கும் இதே விதிதான். ஒவ்வொரு சுமை நிலையிலும் எந்த ராடு தளர்கிறது என்பது மாறுவதால், ரிசல்ட்டைக் கூட்டுவதில் பொருளே இல்லை.

அறிகுறி: தூணில் அழுத்தம் கொஞ்சம்தான், ஆனாலும் ஃபெயில்

6 மீட்டர் உயரத்தில் ஓர் ஐஎஸ்எம்பி 300 (300 மி.மீ. ஆழமுள்ள ஐ வடிவ இரும்பு) தூணை எடுத்துக்கொள்வோம். வலுவான அச்சில் சுழலாரம் (நெளிவை எதிர்க்கும் திறனைக் காட்டும் அளவு) சுமார் 124 மி.மீ., மெலிந்த அச்சில் 28.4 மி.மீ. மட்டுமே. மெலிந்த அச்சில் நடுவே பிடிப்பு இல்லையென்றால் மெலிவு விகிதம் (நீளத்தைச் சுழலாரத்தால் வகுத்தது) 211. அழுத்த உறுப்புக்கு அனுமதி 180. அங்கேயே முடிந்தது. அந்த விதியை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டாலும், 250 கிரேடு எஃகில் வடிவமைப்புத் தாங்குதிறன் 195 கிலோநியூட்டன்தான் வரும். இப்போது பாதி உயரத்தில் ஒரு ஸ்ட்ரட் வைத்து மெலிந்த அச்சைப் பிடியுங்கள். விகிதம் 106 ஆகிறது, தாங்குதிறன் 615 கிலோநியூட்டன் பக்கம் போகிறது. தூணில் ஒரு கிலோ எடைகூடக் கூடவில்லை. ஒரே ஒரு குறுக்குக் குழாயில் மூன்று மடங்கு.

இந்தக் கணக்கில் ஒரு பொறி உண்டு. அந்த ஸ்ட்ரட் ஒரு தூணிலிருந்து அடுத்த தூணுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று போய், கடைசியில் எக்ஸ் பிரேசிங் உள்ள பே (அடுத்தடுத்த இரண்டு தூண்களுக்கு நடுவிலான பகுதி) ஒன்றில் முடிய வேண்டும். முடியாவிட்டால், எல்லோரும் கைகோத்து நிற்கிற வரிசையில் கடைசி ஆள் எதையும் பிடித்துக்கொள்ளாத கதைதான்: வரிசை மொத்தமும் ஒரே பக்கம் சாயும். பிரேசிங்கின் குறுக்குப் புள்ளியும் அதே பாதி உயரத்தில் இருக்கிறதா என்று எலிவேஷன் படத்தில் விரல் வைத்துப் பாருங்கள்.

சுவர் ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான கிர்ட்டையே பிடிப்பாக எடுப்பவர்கள், கிர்ட் தூணின் வெளிப்பட்டையை (ஐ வடிவத்தின் வெளிப்பக்கத் தட்டு) மட்டும் பிடிக்கிறது என்பதை மறக்கிறார்கள். உள்பட்டையில் அழுத்தம் வரும்போது அது முறுக்கிக்கொண்டு வெளியேறும். கிர்ட்டிலிருந்து உள்பட்டைக்குச் சாய்வாக ஓர் ஆங்கிள் போட்டால் தீர்ந்தது; ஷெட் வேலையில் ஃபிளாஞ்ச் பிரேஸ் என்று கேட்டாலே கொடுத்துவிடுவார்கள்.

எதிர்த் திசையிலும் ஒரு பிழை வரும்: ஃபெயில் ஆக வேண்டிய தூண் பாஸ் ஆவது. மென்பொருளில் கே மதிப்பு (நெளிவுக்கு எடுக்கும் நீளம் தூணின் நீளத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) 1 என்று இருக்கும், யாரும் தொடாமல் விட்டிருப்பார்கள். பின் பேஸ் (சுழல விடும் அடிப்பிடிப்பு) வைத்துப் பக்கவாட்டில் ஆடும் போர்ட்டல் ஃபிரேமில் (இரு தூணும் மேலே ஒரு பீமும் கொண்ட சட்டம்) அந்தத் தளத்துக்குள் கே 2-க்கும் மேலே போகும். இதற்கு எந்தச் சிவப்பும் வராது. மாடலைச் சரிபார்க்க உட்காரும்போது நான் முதலில் தேடுவது இந்த ஒன்றைத்தான்.

அறிகுறி: தூண் உச்சியின் நகர்வு அளவுக்கு மீறி வருகிறது

ஷீட் மூடிய தொழிற்கூடத்துக்கு உயரத்தில் 150-இல் ஒரு பங்கு, செங்கல் சுவர் என்றால் 240-இல் ஒரு பங்கு என்பது எல்லை. தாண்டினால் முதலில் அடிப்பிடிப்பைப் பாருங்கள். பீம் மிக விறைப்பானது என்று வைத்துக்கொண்டால், பின் பேஸை ஃபிக்ஸ்டு ஆக்குவதால் நகர்வு கால் பங்காகும். அதனால்தான் எல்லோரும் அங்கே கை வைக்கிறார்கள். ஆனால் மாடலில் ஒரு கிளிக்கில் வருகிற ஃபிக்ஸ்டு பேஸ், மண்ணில் பெரிய ஃபுட்டிங்காகவும் தடித்த பேஸ் பிளேட்டாகவும் விலை கேட்கும். கரிசல் மண்ணில் ஒரு சின்ன ஃபுட்டிங்கை வைத்துவிட்டு ஃபிக்ஸ்டு என்று எழுதுவது கற்பனை. பெயரளவில் இணைத்த அடிக்குத் தூணின் விறைப்பில் 10 சதவீதம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது ஐஎஸ் 800. பல ஷெட்டுகளில் அந்தப் பத்தே நம்மைக் காப்பாற்றிவிடும். அதுவும் போதாவிட்டால் ராஃப்டர் (கூரையின் சாய்ந்த பீம்) முனையில் ஹாஞ்ச் (முக்கோணமாக ஆழம் கூட்டுவது), அதன் பிறகுதான் தூண்.

அறிகுறி: அதே டிராயிங், வேறு ஊரில் ராஃப்டர் ஃபெயில்

கோவையில் நின்ற ஷெட்டின் படத்தை அப்படியே சென்னைப் பக்கம் கொண்டுவருவது நடக்கிற விஷயம்தான். காற்றின் அடிப்படை வேகம் கோவைக்கு நொடிக்கு 39 மீட்டர், சென்னைக்கு 50 மீட்டர். அழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறும் என்பதால் 1.64 மடங்கு. காற்றுச் சுமைக்கான ஐஎஸ் 875 மூன்றாம் பகுதியின் 2015 பதிப்பு, கிழக்குக் கரையிலிருந்து 60 கிலோமீட்டருக்குள் தொழிற்கூடங்களுக்குப் புயல் காரணி 1.15 கேட்கிறது, அதுவும் வேகத்தைப் பெருக்குவது. எல்லாம் சேர்ந்து 2.1 மடங்கைத் தாண்டிவிடும்.

அளவு கூடுவது மட்டும் பிரச்சினை இல்லை, திசையும் மாறுகிறது. ஷீட்டும் அதைத் தாங்கும் பர்லினும் சேர்ந்து சதுர மீட்டருக்குப் பத்துப் பதினைந்து கிலோதான். உறிஞ்சும் காற்று அதைத் தூக்கி எறிந்துவிட்டு ராஃப்டரை மேல்நோக்கி வளைக்கும். கீழ்நோக்கிய சுமையில் நடுப்பகுதியில் பர்லின் பிடித்திருந்த மேல்பட்டைதான் அழுந்தியது. இப்போது அழுந்துவது யாரும் பிடிக்காத கீழ்ப்பட்டை. பக்கவாட்டு முறுக்க நெளிவு அங்கே வரும். ராஃப்டரைத் தடிமனாக்காதீர்கள், ஒன்றுவிட்டு ஒரு பர்லினில் ஃபிளாஞ்ச் பிரேஸ் போட்டுத் தாங்கல் இல்லாத நீளத்தைக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். பிரேஸுக்கு வேண்டிய விசை பெரிதில்லை, அழுத்தப்பட்டை விசையில் 2.5 சதவீதம். டிரஸ் கூரையாக இருந்தால் கீழ்க் கோர்டைப் பாருங்கள். "டை" (இழுவை உறுப்பு) என்று எண்ணி மெலிவு விகிதம் 350 வரை விட்டிருப்பார்கள். காற்றில் மட்டும் அழுத்தம் வரும் உறுப்புக்கு எல்லை 250.

அறிகுறி: எரெக்‌ஷன் நடக்கும்போதே ஃபிரேம் சாய்கிறது

முடிந்த கட்டடத்துக்குத்தான் நாம் கணக்குப் போட்டோம். நேற்று நிறுத்திய மூன்று ஃபிரேமும் எந்தக் கணக்கிலும் இல்லை. வேலையைப் பிரேசிங் உள்ள பேயில் தொடங்கி, தூண், ராஃப்டர், பிரேசிங், ஈவ் ஸ்ட்ரட் (கூரை ஓரக் குறுக்குச் சட்டம்) எல்லாவற்றின் போல்ட்டுகளையும் முறுக்கி, தூக்குநூல் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேக்குப் போக வேண்டும். கிரேன் வாடகை ஓடுகிறது என்று முதலில் எல்லாத் தூண்களையும் நிறுத்திவிட்டு, "பிரேசிங் அடுத்த வண்டியில் வருது சார்" என்றால், கை ரோப் (சாயாமல் இழுத்துக் கட்டும் தற்காலிகக் கயிறு) கட்டாமல் அன்று மாலை யாரும் சைட்டை விட்டுப் போகக் கூடாது. தூணுக்கு இரண்டு ஆங்கர் போல்ட் மட்டும் போடும் பழக்கமும் இங்கேதான் கடிக்கும். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதி தூணுக்குக் குறைந்தது நான்கு கேட்கிறது. தூண் உச்சியில், வெளிமுகத்திலிருந்து 18 அங்குலம் தள்ளி 300 பவுண்டு தொங்கினாலும் தாங்க வேண்டும் என்கிறது. மேலே ஏறும் ஓர் ஆளையும் அவர் கருவிகளையும் மனதில் வைத்த எண் அது.

லெவலிங் நட்டின்மேல் நிற்கும் பேஸ் பிளேட்டுக்குக் கீழே கிரவுட் (இடைவெளியை நிரப்பும் கலவை) போகாமல் ஷீட் வேலையைத் தொடங்காதீர்கள்.

அறிகுறி: பிரேசிங் ராடு தொங்குகிறது, காற்றில் தடதடக்கிறது

எக்ஸில் ஒன்று விறைப்பாகவும் மற்றது தளர்வாகவும் இருந்தால் அந்தப் பே ஏற்கனவே ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது. தளர்ந்ததை மட்டும் டர்ன்பக்கிளால் முறுக்குவதற்கு முன் தூணின் நேரைப் பாருங்கள். இரண்டும் தளர்வு என்றால் முறுக்கி லாக் நட் போட்டால் போதும். ராடே காணோம் என்றால், ஷட்டர் வைக்க வசதியாக யாரோ வெட்டியிருப்பார்கள். அது ஒரு ராடு போன விஷயமில்லை; அந்தச் சுவர் வரிசை முழுவதற்கும் இருந்த ஒரே பிடி போயிருக்கலாம். பக்கத்துப் பேயில் புதிதாகப் போடுங்கள், அல்லது கதவைச் சுற்றி ஒரு போர்ட்டல் பிரேஸ் வையுங்கள். புதியது ஏறும்வரை கை ரோப்.

அறிகுறி: ஓர் உறுப்பு வளைந்திருக்கிறது

முனைக்கு முனை நூல் கட்டி, நடுவில் ஸ்கேல் வைத்து அளந்து, தேதி போட்டு அதே இடத்தில் பெயின்ட்டால் எழுதுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மறுபடி அளவெடுங்கள். வெயிலால் வரும் மாற்றம் குழப்பாது. அளவு மாறவில்லை என்றால் ரோலிங்கிலோ லாரியிலோ வந்த வளைவு. அதை அனுமதித்த நேர்மையின்மையோடு ஒப்பிட்டு முடிவு செய்யலாம். கூடுகிறது என்றால் அன்றே சுமை ஏற்றுவதை நிறுத்துங்கள், ஆட்களை இறக்குங்கள், அப்புறம் காரணம் தேடலாம்.

கனடாவில் கியூபெக் பாலம் கட்டும்போது கீழ்க் கோர்டு ஒன்றில் முக்கால் அங்குலமாக இருந்த வளைவு, 1907 ஆகஸ்ட் கடைசி வாரத்தில் இரண்டு அங்குலம் அளவுக்கு ஏறியது. சைட்டில் அளந்தார்கள், எழுதினார்கள், வளைவு முன்பே இருந்ததா என்று விவாதித்தார்கள். ஆலோசகர் தியோடர் கூப்பர் நியூயார்க்கில் இருந்தார். சுமை ஏற்ற வேண்டாம் என்ற அவரது தந்தி பென்சில்வேனியாவில் இருந்த கம்பெனி அலுவலகத்துக்குப் போனதே தவிர, பாலத்துக்கு வந்து சேரவில்லை. ஆகஸ்ட் 29 மாலை பாலம் விழுந்து 75 பேர் இறந்தார்கள். அந்தக் கோர்டில் தட்டுகளை ஒன்றாகப் பிடிக்க வேண்டிய லேசிங் மெலிதாக இருந்தது.

அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் உள்ளரங்கக் கூரை 1978 ஜனவரி 18 அதிகாலையில் பனிச்சுமையில் இறங்கியதும் இதே வகைதான். கட்டும்போதே தொய்வு கணக்கிட்டதைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. வடிவமைத்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேல் உறுப்புகளின் நடுவே பிடிப்பு இருப்பதாகக் கணக்கில் எழுதியிருந்தார்கள். கட்டிய கூரையில் பல இடங்களில் அந்தப் பிடிப்பு வேலை செய்யவில்லை. முந்தைய மாலை ஆயிரக்கணக்கானோர் கூடைப்பந்து பார்த்துவிட்டு வீடு போயிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. தொய்வு கணக்கைவிட இரண்டு மடங்கு என்றால் சுமை அல்லது விறைப்பு, இரண்டில் ஒன்று நாம் நினைத்தபடி இல்லை. "இரும்புதானே, கொஞ்சம் தொங்கும்" என்ற பதிலை ஏற்காதீர்கள்.

வளைந்த உறுப்பைக் காப்பாற்ற வேண்டுமானால் வரிசை முக்கியம். முதலில் ஜாக் வைத்தோ முட்டுக் கொடுத்தோ சுமையை எடுக்க வேண்டும். அடுத்து பக்கவாட்டுப் பிடிப்பை போல்ட் மூலம் சேர்க்க வேண்டும். பிளேட் ஒட்டுவது கடைசியில். சுமையோடு நிற்கிற தூணில் குறுக்காக ஒரு முழு வெல்டு ஓட்டினால், அந்தச் சில நிமிடங்களுக்கு அந்த வெட்டுமுகம் சூட்டில் மெலிந்து நிற்கும். ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் நீளவாக்கில், சிறு சிறு துண்டுகளாக, இரு பக்கமும் மாற்றி மாற்றி, ஒன்று ஆறிய பிறகு அடுத்தது. கொடுத்த முட்டுகளை எடுக்கும் முன் நூலைக் கட்டி மறுபடி ஒரு முறை அளந்துவிடுங்கள், எடுத்த பிறகும் ஒரு முறை.